கறவை மாடுகளில் பதுங்கும் ஹெர்பிஸ் வைரஸ்: செல்லுக்குள் நுழைவது எப்படி?

திருப்பதி: ஆந்திர மாநிலம் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ஏராளமான குடும்பங்கள் கறவை மாடுகளை நம்பி வாழ்கின்றன. இம்மாடுகளுக்குக் காய்ச்சல், பால் குறைவு, கருச்சிதைவு ஆகியவற்றை உண்டாக்கக்கூடியது 'ஐபிஆர்' நோய். மாட்டு ஹெர்பிஸ் வைரஸ்-1 இதற்குக் காரணமாகும்.

இவ்வைரஸின் மேலுறையிலுள்ள கிளைக்கோபுரதங்கள் கூட்டாகச் செயல்படுகின்றன. முதலில் ஜிசி, ஜிபி ஆகியவை செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெபரான் சல்பேட்டில் ஒட்டுகின்றன. அடுத்து ஜிடி, நெக்டின்-1 என்னும் ஏற்பியுடன் இணைகிறது. இதனால் ஜிஎச்-ஜிஎல் இணை தூண்டப்பட்டு, ஜிபி புரதத்தைச் செயல்பட வைக்கிறது. ஜிபி வடிவம் மாறி, வைரஸ் உறையைச் செல் சவ்வுடன் ஒன்றாக்குகிறது. வைரஸ் உள்ளே நுழைகிறது.

ஜிஇ என்னும் புரதம் இந்த நுழைவுக்குத் தேவையில்லை. அது அடுத்தடுத்த செல்களுக்குப் பரவவே உதவுகிறது. எனவே ஜிஇ நீக்கிய தடுப்பூசி தயாரிக்க முடிந்தது. அதைச் செலுத்திய மாட்டின் ரத்தத்தில் ஜிஇ-க்கு எதிரான எதிர்ப்புரதம் உருவாகாது. இருந்தால் அது உண்மையான தொற்றின் அடையாளம். ஜெர்மனி இவ்வகைத் தடுப்பூசியின் துணையுடன் நோயை ஒழித்தது.

குணமடைந்த மாட்டின் நரம்பு முடிச்சுகளிலும் வைரஸ் வாழ்நாள் முழுவதும் பதுங்கியிருக்கும். காளையின் விந்து வழியாகவும் பரவும். ஆகவே புதிய மாட்டை வாங்குமுன் ரத்தப் பரிசோதனையும், பரிசோதிக்கப்பட்ட காளையின் சினை ஊசியும் அவசியம்.