குமாரி கமலா: குழந்தை நட்சத்திரமும் நாட்டியக் கலைஞரும்

குமாரி கமலா, தமிழ்த் திரையுலகின் தொடக்ககாலக் குழந்தை நட்சத்திரங்களுள் ஒருவர். பரதநாட்டியக் கலைஞர், நாட்டிய ஆசிரியர். பேபி கமலா, குமாரி கமலா, கமலா லட்சுமணன், கமலா லட்சுமிநாராயணன் ஆகிய பெயர்களெல்லாம் இவர் ஒருவரையே குறிக்கும். பழைய படங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்துப் புகழ் வளர்ந்தபின் நிலைப்பது அரிது. இவருக்கு அது நிலைத்ததற்குக் காரணம், நடிப்போடு விடாமல் தொடர்ந்த நடனப் பயிற்சி.

பிறப்பும் இளமையும்

கமலா 1934 ஜூன் 16 அன்று மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பிறந்தார். குடும்பம் பம்பாயில் வாழ்ந்ததால் லச்சு மகராஜிடம் கதக் நடனமும், சங்கர்ராவ் வியாசிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். நான்கு வயதில் இவர் ஆடியதைக் கண்ட இயக்குநர் ஏ. என். கல்யாணசுந்தரம் ஐயர், ‘வாலிபர் சங்கம்’ (1938), ‘ராமநாம மகிமை’ (1939) ஆகிய படங்களில் வாய்ப்பளித்தார். ‘கிஸ்மத்’, ‘ராம்ராஜ்யா’ (இரண்டும் 1943) ஆகிய இந்திப் படங்களிலும் நடித்தார்.

வழுவூராரிடம் பயிற்சி

மகள் பரதநாட்டியத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று விரும்பிய தாயார், குடும்பத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளையிடமும், பின்னர் வழுவூர் ராமையா பிள்ளையிடமும் கமலா பயின்றார். இருவரும் பரம்பரை நட்டுவனார்கள். வழுவூர் பாணி மென்மையான அசைவுகளுக்கும் சிற்பம் போன்ற நிலைகளுக்கும் பெயர் பெற்றது. அப்பாணியின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கமலா அறியப்பட்டார்.

திரையில் நாட்டியம்

‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் இவர் ஆடிய பாம்பு நடனம் பேசப்பட்டது. ‘ஸ்ரீவள்ளி’, ‘மீரா’ (இரண்டும் 1945) படங்கள் தொடர்ந்தன. 1947 ஜனவரியில் ஏவி. மெய்யப்பன் தயாரித்து இயக்கிய ‘நாம் இருவர்’ வெளிவந்தபோது கமலாவுக்கு வயது 12. அப்படத்தில் பாரதியார் பாடல்களுக்கு, டி. கே. பட்டம்மாளின் பின்னணிக் குரலில் இவர் ஆடினார். எட்டயபுரத்தில் பிறந்து, 1918 முதல் 1920 வரை நம் தென்காசி வட்டாரத்துக் கடையத்தில் வாழ்ந்த பாரதியார், விடுதலை கிடைத்துவிட்டதாகவே முன்கூட்டிப் பாடியிருந்தார். நாடு விடுதலை பெறச் சில மாதங்களே இருந்தபோது அப்பாடலுக்கு ஒரு சிறுமி ஆடியதை மக்கள் திரையில் கண்டனர்.

முழுமையான பரதநாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கி வர்ணம், பதம் வழியாகத் தில்லானாவில் முடியும். அது நீண்ட நேரம் நடக்கும். சபாக்கள் இருந்த நகரங்களில்தான் அதைக் காண முடியும். திரைப்படத்திலோ சில நிமிடங்களில் பாடலின் பொருள் எல்லோருக்கும் புரிய வேண்டும். ஆகவே சுருக்கமும் விறுவிறுப்பும் தேவைப்பட்டன. முறையான பயிற்சி பெற்ற சிறுமி அதை ஆடியதால், சபா வாசலை மிதிக்காத ஊர்களுக்கும் இக்கலை சென்றது. பெண் குழந்தைகளை நடனம் கற்க அனுப்பும் ஆசை நடுத்தரக் குடும்பங்களில் பரவியதில் இவருடைய படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

நாணயத்தின் மறுபக்கம்

இந்தப் புகழைக் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சதிர் என்ற பெயரில் இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். ருக்மிணிதேவி 1935-இல் மேடையேறிய பின், பிற சமூகப் பெண்களும் இதைக் கற்கத் தொடங்கினர். ‘நாம் இருவர்’ வெளியான அதே 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் அதனுடன் அம்மரபுப் பெண்கள் பலர் ஆடிய மேடையும் கைநழுவியது. நட்டுவனார்கள் புதிய மாணவியர் வழியே கலையைத் தொடர்ந்தனர். ஆகவே கமலாவின் ஆட்டத்தைப் பாராட்டும்போது, அதை உருவாக்கிக் கொடுத்த மரபையும் சேர்த்தே நினைப்பது முறை.

பிற்கால வாழ்க்கை

கமலா கேலிச்சித்திரக் கலைஞர் ஆர். கே. லட்சுமணை மணந்தார், அத்திருமணம் 1960-இல் முடிவுற்றது. ‘சிவகங்கைச் சீமை’ (1959), ‘பார்த்திபன் கனவு’ (1960), ‘கொஞ்சும் சலங்கை’ (1962) ஆகியவை இவர் வளர்ந்தபின் நடித்த படங்களுள் சில. 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாக் கொண்டாட்டங்களில் ஆட அழைக்கப்பட்டார். பின்னர் லட்சுமிநாராயணனை மணந்தார்.

1980-இல் அமெரிக்காவின் நியூயார்க் பகுதிக்குக் குடியேறி, லாங் ஐலண்டில் ‘ஸ்ரீ பரத கமலாலயா’ நடனப் பள்ளியை நடத்தினார். திரையில் ஆடிய சிறுமி, கடல் கடந்த தமிழ்க் குழந்தைகளுக்கு வழுவூர் பாணியைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரானார்.

விருதுகள்

1968: சங்கீத நாடக அகாதமி விருது
1970: பத்மபூஷண்
2010: அமெரிக்க அரசின் தேசியக் கலை அறக்கொடை நிறுவனம் வழங்கும் தேசிய மரபுக் கலைஞர் விருது

குழந்தைகளைத் திரைக்கோ தொலைக்காட்சிப் போட்டிகளுக்கோ அனுப்பும் பெற்றோர் இவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பேபி’ என்ற அடைமொழி சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்ற வித்தையோ, கமலாவுக்கு முதுமை வரை துணை நின்றது.