ஒரே கம்பனி, இரண்டு விலை: லெப்டொப் வாங்குமுன் வியாபாரிகள் பார்க்க வேண்டியவை

கடைக் கணக்கையும் ஸ்டொக் விபரங்களையும் லெப்டொப்பில் வைத்திருக்காத வியாபாரிகள் இன்று குறைவு. ஆனால் அதை வாங்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. அண்மையில் துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு விலைப் பத்திரங்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இரண்டும் ஒரே கம்பனியின் தயாரிப்பு. ஒரே அளவுத் திரை, ஒரே புரொசசர். விலையில் மட்டும் பெரிய இடைவெளி. "உள்ளுக்கு இருக்கிற சாமான் எல்லாம் ஒண்டுதானே நானா, ஏன் இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கத்துக்கு லெனோவோ கம்பனியின் திங்க்பேட் வகையை எடுத்துக்கொள்கிறேன்.

திங்க்பேட் என்ற பெயரை 1992 இல் அறிமுகப்படுத்தியது ஐ.பி.எம். நிறுவனமாகும். 2005 இல் அதன் கணனிப் பிரிவைச் சீனாவின் லெனோவோ வாங்கியது. இன்று இப்பெயரில் பல வரிசைகள் உள்ளன. சிறு வியாபாரங்களுக்கென நடுத்தர விலையில் வருவது 'ஈ' வரிசை. பெரிய கம்பனிகள் மொத்தமாக வாங்குவது 'ரி' வரிசை. அதற்கும் மேலே எக்ஸ் 1 கார்பன் இருக்கிறது.

வேகத்துக்கான விலையல்ல

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூடுதல் பணம் கூடுதல் வேகத்துக்காக அல்ல. 2023 இல் வெளிவந்த ஈ 14, ரி 14 ஆகிய இரண்டையுமே இன்டெல் ஐ5-1335யூ என்ற ஒரே புரொசசருடன் வாங்க முடிந்தது. பில் அடிப்பது, கணக்கெழுதுவது, ஈமெயில் அனுப்புவது போன்ற வேலைகளில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இராணுவத் தரத்தில் பரிசோதிக்கப்பட்டது என்ற விளம்பரமும் இரண்டுக்கும் பொதுவானது. எனவே அதைக் காட்டி விலையை நியாயப்படுத்தினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னும் சொல்வதானால், சில விடயங்களில் மலிவானதே முன்னிற்கிறது. ஈ 14 இன் பல தலைமுறைகளில் இரண்டு எஸ்.எஸ்.டி. பொருத்த இடமுண்டு. ஒன்றில் வேலை செய்து மற்றதில் கணக்கின் பிரதியை வைத்துக்கொள்ளலாம். ரி 14 இல் பொதுவாக ஓரிடம்தான். 2023 இன் ஈ 14 இல் பெட்டரி 47 அல்லது 57 வொட் மணி. அதே ஆண்டின் ரி 14 இல் 39.3 அல்லது 52.5 வொட் மணி. விலை கூடினால் எல்லாமே கூடும் என்று எண்ணக்கூடாது.

அப்படியானால் எதற்குப் பணம்?

முதலாவது, திருத்த வேலை. கடையில் கீபோர்ட்தான் முதலில் கெட்டுப்போகும் பாகம். தூசியும் பிளேன்டீயும் அதற்கு எதிரி. ரி 14 இல் கீபோர்டை மட்டும் தனியே கழற்றி மாற்றலாம். ஈ 14 இன் பல தலைமுறைகளில் அது மேல்மூடியோடு ஒன்றாகச் சேர்ந்தே வருகிறது. அதனால் முழு மேற்பாகத்தையும் மாற்ற நேரிடும். 2024 இல் வந்த ரி 14 (5 ஆம் தலைமுறை) இல் ரெம் இரண்டும் கழற்றக்கூடியவை. இன்று 16 ஜீ.பீ. உடன் வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அதைவிட விலை கூடிய எக்ஸ் 1 கார்பனில் ரெம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. பிறகு கூட்டவே முடியாது. அங்கே நீங்கள் பணம் கொடுப்பது பாரக் குறைவுக்கு. அது ஏறக்குறைய 1.1 கிலோ, மற்றவை 1.4 கிலோ அளவில். அடிக்கடி பிரயாணம் செய்பவருக்கு அது பெறுமதி. கல்லா மேசையில் கிடக்கும் மெஷினுக்குப் பாரம் குறைந்து என்ன பயன்?

இரண்டாவது, திரை. 'ரி' வரிசையில் 400 நிட்ஸ் வெளிச்சமும் முழு எஸ்.ஆர்.ஜீ.பீ. நிறமும் கொண்ட திரையைத் தெரிவு செய்யலாம். ஆனால் கவனம், அதே 'ரி' வரிசையிலேயே 300 நிட்ஸ், 45 வீத நிறம் கொண்ட சாதாரண திரையும் வருகிறது. மேலே சொன்ன துணி வியாபாரி வாடிக்கையாளருக்குச் சாம்பிள்களைத் திரையில் காட்டுபவர். மங்கிய திரையில் மெரூன் ஒரு நிறமாகவும், பார்சல் வந்து சேரும்போது வேறு நிறமாகவும் தெரிந்தால் திரும்பி வருவது சரக்கு மட்டுமல்ல, நம்பிக்கையும்தான். வரிசையின் பெயரை மட்டும் பார்க்காமல் திரையின் விபரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, உத்தரவாதம். எத்தனை வருடம், திருத்துபவர் உங்கள் இடத்துக்கு வருவாரா, அல்லது நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்பவை நாட்டுக்கு நாடு, விற்பனையாளருக்கு விற்பனையாளர் வேறுபடும். மெஷினின் தொடரிலக்கத்தைக் கம்பனியின் இணையத்தளத்தில் கொடுத்தால் கம்பனி உத்தரவாதத்தின் முடிவுத் திகதி தெரியும். கடைக்காரர் வாயால் சொல்வதோடு திருப்தியடைய வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறேன். நடுத்தர மெஷின் 240,000 ரூபா, நான்கு வருடம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000. உயர்தர மெஷின் 390,000 ரூபா, ஆறு வருடம் உழைக்கிறது. வருடத்துக்கு 65,000. இடைவெளி 5,000 ரூபாதான். ஆனால் ஆறு வருடம் உழைத்தால் மட்டுமே இந்தக் கணக்குச் சரிவரும். நான்கு வருடத்தில் தூக்கிப்போட்டால் வருடத்துக்கு 97,500 ஆகிவிடும். ஆகவே உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: மெஷின் ஒரு நாள் நின்றால் எனக்கு எவ்வளவு நட்டம்? கையெழுத்து பில் புத்தகத்தால் ஒரு நாளைச் சமாளிக்க முடிந்தால் 'ஈ' வரிசையே போதும். ஓடர், பேங்க், இறக்குமதிப் பத்திரம் எல்லாம் அந்த ஒரு மெஷினில் தங்கியிருந்தால் 'ரி' வரிசைக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

பாவித்த உயர்தரமா, புதிய நடுத்தரமா?

வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த உயர்தர மெஷின்கள் எமது சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிய 'ஈ' யின் விலையைவிடக் குறைவாகவே பாவித்த 'ரி' கிடைக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: வின்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 இற்கு, இன்டெல் என்றால், பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. 2017 இன் ரி 470 இல் இருப்பது பெரும்பாலும் 7 ஆம் தலைமுறை. 2018 இன் ரி 480 பெரும்பாலும் 8 ஆம் தலைமுறை. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கம் 8350 என்பதுபோல் எட்டில் ஆரம்பிக்கிறதா என்று மெஷினைத் திறந்து பார்த்தே வாங்குங்கள். பழைய பெட்டரியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: பில் அடிக்கும் மேசைக்கு ஒரு 'ஈ', சாம்பிளோடு ஊர் ஊராகப் போகும் அவருக்கு நல்ல திரையுள்ள ஒரு 'ரி'. ஒரே விலையில் இரண்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரக்கைத் தரம் பிரித்து வாங்கும் வியாபாரிக்கு இது புதிய பாடமுமல்ல.