அலை ஓயக் காத்திராத படகுப் போட்டி

1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கின் பட்டியலில் துடுப்புப் படகுப் போட்டியும் இருந்தது. கடலில் நடத்துவதாக ஏற்பாடு. காற்று பலமாக வீசவே, போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். 1900-ல் பாரிஸின் சேன் ஆற்றில்தான் அது ஒலிம்பிக்கில் அரங்கேறியது. அன்று முதல் இந்த விளையாட்டு பெரும்பாலும் ஆறு, ஏரி, வெட்டிய கால்வாய் என்று அலையடிக்காத நீரையே தேடிப் போனது. இப்போது 132 ஆண்டுகள் கழித்து, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கடலுக்குத் திரும்புகிறது.

கடலோரப் படகோட்டத்துக்கு உலக சாம்பியன்ஷிப் புதிதல்ல. உலகப் படகோட்ட சம்மேளனம் 2007-ல் பிரான்சின் கான் நகரில் அதைத் தொடங்கியது. மிதவைகளைச் சுற்றி நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் வரை ஓட்டும் நெடுந்தூரப் போட்டி அது. நாட்டு அணிகள் அல்ல, படகு கிளப்புகளே அதில் மோதுகின்றன. தனித்தனித் தடம் கிடையாது. எல்லாப் படகுகளும் ஒன்றாகப் புறப்பட்டு, மிதவையை நெருங்கும்போது ஒன்றையொன்று நெருக்கும்.

படகும் வேறு. ஏரியில் ஓடும் ஒற்றையர் படகு ஊசிபோல மெலிந்தது. எட்டு மீட்டருக்கு மேல் நீளம், எடை 14 கிலோதான். கடல் படகு ஆறு மீட்டருக்குள் அடங்கும், அகலமானது, குறைந்தது 35 கிலோ இருக்க வேண்டும். அதன் பின்முனை திறந்திருப்பதால் உள்ளே ஏறும் அலைநீர் தானாக வெளியே வடிந்துவிடும்.

ஒலிம்பிக்குக்குப் போவது நெடுந்தூரம் அல்ல, 'பீச் ஸ்பிரிண்ட்' எனும் குறுவிரைவுப் போட்டி. இதன் முதல் உலக இறுதிச்சுற்று 2019-ல் சீனாவின் ஷென்ஜெனில் நடந்தது; இங்கே நாட்டு அணிகளே மோதுகின்றன. இரண்டிரண்டு படகுகளாகப் போட்டி. மணலில் ஓடிவந்து, உதவியாளர்கள் பிடித்திருக்கும் படகில் தாவி ஏற வேண்டும். மிதவைகளுக்கிடையே வளைந்து வளைந்து 250 மீட்டர் போய், கடைசி மிதவையைச் சுற்றி, நேராகக் கரைக்குத் திரும்ப வேண்டும். பிறகு குதித்திறங்கி இறுதிக்கோட்டுக்கு ஓட்டம். எல்லாம் மூன்று நிமிடம்போல. தோற்றவர் வெளியேறுவார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என மூன்று பிரிவுகள். இவற்றுக்கு வழிவிட்டு விலகுவது, 1996 முதல் ஒலிம்பிக்கில் இருந்த எடை குறைந்தோர் பிரிவு. பீச் ஸ்பிரிண்டுக்குக் கடற்கரை ஒன்று இருந்தால் களம் தயார். 2,000 மீட்டர் கால்வாய் வெட்ட வேண்டியதில்லை. பார்வையாளர்களும் மணலில் நின்றே முழுப் போட்டியையும் பார்க்கலாம்.

தோள்பலம் மட்டும் இங்கே போதாது. துடுப்பு போடுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார். அடிக்கடி தலையைத் திருப்பி மிதவையைப் பார்க்க வேண்டும். கரை திரும்பும்போது பின்னாலிருந்து எழும் அலையில் ஏறிக்கொண்டால் படகு தானே பாயும். முந்தி வருபவரின் படகை அதே அலை குறுக்கே திருப்பிவிட்டால், பின்தங்கியவர் மணலில் இறங்கி அவரைக் கடந்து ஓடிவிடலாம்.