சமையலறை வெளிச்சமும் குறைந்த பார்வையும்

காய் நறுக்கும்போது விரல் சரியாகத் தெரிவதில்லை என்று கூறி எங்கள் கண் மருத்துவப் பிரிவுக்கு வரும் முதியோரிடம், வீட்டுச் சமையலறையில் விளக்கு எங்கே இருக்கிறது என்றும் நாங்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் அது வாசற்பக்கச் சுவரில் உள்ள ஒற்றைக் குழல்விளக்காகவே இருக்கும். அடுப்பு மேடையை நோக்கி நிற்பவருக்கு அவ்விளக்கு முதுகுக்குப் பின்னால் அமைகிறது. அவருடைய நிழலே நறுக்கும் பலகையின் மீதும் கொதிக்கும் எண்ணெயின் மீதும் விழுகிறது.

வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது. விழிவில்லை மஞ்சள் நிறமடைகிறது. இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டுகிறது. எனவே, "இவ்வளவு வெளிச்சம் போதாதா, அம்மா?" என்று கேட்கும் மகளும் அந்தத் தாயும் ஒரே அறையில் நின்றாலும் காண்பது ஒரே வெளிச்சத்தை அன்று.

இதற்காகக் கூரையில் மேலும் ஒரு பெரிய விளக்கைப் பொருத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கண்புரை உள்ளவர்களுக்குக் கண்ணில் நேரே படும் ஒளி சிதறிக் கூச்சத்தைத் தரும். பளபளப்பான கருங்கல் மேடையும் எவர்சில்வர் பாத்திரங்களும் அதை இன்னும் கூட்டும். விளக்கு வேலை செய்யும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். கண்ணுக்கு மறைந்தும் இருக்க வேண்டும். மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்பகுதியில், முன்விளிம்பை ஒட்டி, ஒரு எல்.இ.டி. பட்டை விளக்கைப் பொருத்தினால் இரண்டும் நிறைவேறும். சிறு பல்பு ஒன்றின் தொலைவைப் பாதியாகக் குறைத்தால் பலகையில் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், மின்கட்டணத்தைப் பற்றிய கவலையும் பெரிதாகத் தேவையில்லை. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் பட்டை விளக்கு வேண்டாம். வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை விரைவில் கெடுத்துவிடும்.

விளக்கு வாங்கும்போது உறையில் 4000 கெல்வின் அளவில் உள்ளதையும், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 80க்கு மேல், கிடைத்தால் 90 உள்ளதையும் தேர்ந்தெடுங்கள்.

நீரிழிவு நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு இது இன்னும் முக்கியமானது. நரம்புப் பாதிப்பினால் கைகளில் உணர்ச்சி குன்றியவருக்குச் சூட்டை முதலில் அறிவிப்பது தோல் அன்று, கண்ணே. மேலும், குளிர்சாதனப் பெட்டி சமையலறையில் இருப்பதால் பலர் அங்கேயே நின்று இன்சுலினை ஊசியில் ஏற்றுகின்றனர். 40 யூனிட் ஊசியின் மூடி சிவப்பு. 100 யூனிட் ஊசியின் மூடி ஆரஞ்சு. மங்கலான மஞ்சள் ஒளியில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஊசி மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ நேரிடும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல், பட்டை விளக்கின் கீழ் வைத்து, ஊசியிலும் மருந்துப் புட்டியிலும் அச்சிட்டுள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்று படித்துப் பாருங்கள்.

கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் நுழைந்தவுடன் பார்வை தெளிய நேரமாகும். அவர்களுக்காகச் சுவிட்சு வாசலுக்கு வெளியிலேயே கைக்கெட்டும்படி இருக்கட்டும். வெங்காயம், பூண்டு நறுக்க அடர்நிறப் பலகையும், கத்தரிக்காய்க்கு வெண்ணிறப் பலகையும் வைத்துக்கொள்ளலாம். இது விளக்கு வேலை இல்லைதான், ஆயினும் செலவு மிகக் குறைவு.

இம்மாற்றங்களுக்குப் பிறகும் பலகையின் ஒரு பகுதி மட்டும் தெரியாமலோ, விளிம்புகள் வளைந்தோ தோன்றினால், அது விளக்கின் குறையன்று. விழித்திரைப் பரிசோதனைக்குத் தாமதமின்றி வாருங்கள்.