கல்யாணச் சாப்பாட்டை இப்போதே நடலாம்!

"அடுத்த வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும்தான் சொத்து. மண்டபம், சமையல் கான்ட்ராக்ட் என்று போனால் நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்கும். சொந்தபந்தத்தை வைத்து வீட்டிலேயே நடத்தலாமா? என் நிலத்தில் விளைவதை வைத்துப் பந்தி போட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

தாராளமாக முடியும். கையில் முழுசாக ஒரு வருடம் இருப்பதால்தான் இதை உறுதியாகச் சொல்கிறேன். நகையை வைத்துப் பயிர்க்கடன் வாங்கி, அதைக் கல்யாணத்தில் செலவழித்துவிட்டு, விதைப்பு நேரத்தில் விதைக்கும் உரத்துக்கும் வழியில்லாமல் நின்ற குடும்பங்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் செலவு, மூன்று நான்கு போகத்தைத் தின்றுவிடும்.

முதலில் பேச வேண்டியவர்கள்

நிலத்தில் இறங்கும் முன் மகளிடம் கேளுங்கள். அடுத்து சம்பந்தி வீட்டாரிடம் பேசுங்கள். "வசதியில்லாமல் வீட்டில் வைக்கிறார்கள்" என்ற பேச்சு பிறகு வந்தால், அது பெண்ணின் தலையில்தான் விழும். எத்தனை பேர், எத்தனை வேளைச் சாப்பாடு என்பதை இரு வீட்டாரும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். 500 பேர் வரை வீட்டு வாசலும் நெல் களமும் தாங்கும். ஆயிரத்தைத் தாண்டினால் இந்த ஏற்பாடு சிரமம்.

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வைகாசி நடுவில் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம்.

வாழை: இந்தச் சித்திரை, வைகாசிக்குள் பூவன் கன்று 50 நடுங்கள். வாசலில் கட்டக் குலை மரமும், பந்திக்கு இலையும் கிடைக்கும். பூவன் தாருக்கு 12, 13 மாதம் ஆகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

சேனை: இதே பட்டத்தில் ஊன்றினால் 8 மாதத்தில், தை மாதம் தோண்டலாம். அடிபடாத கிழங்குகளை நிழலில், காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால் வைகாசி வரை தாங்கும்.

நெல்: ஆவணியில் நாற்று விட்டு, புரட்டாசியில் நடவு செய்யுங்கள். வெள்ளைப் பொன்னி 135 முதல் 140 நாள் பயிர். தையில் அறுத்து, ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்கு வரும்வரை காயவைத்துச் சேமியுங்கள். புது அரிசி குழையும். நான்கு மாதம் இருந்த நெல்லை அரைத்தால் சாதம் பொலபொலவென்று வரும். சித்திரைக் கடைசியில் அரைத்தால் போதும்.

பூசணி, பரங்கி: தை மாதம் விதையுங்கள். கோ-1 சாம்பல் பூசணி 140 நாள் ரகம்; காய் ஒன்று 6 முதல் 8 கிலோ வரும். பத்துக் குழி போதும். முற்றிய காய்கள் கெடாமல் இருப்பதால், முகூர்த்தம் ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் கவலையில்லை.

கத்தரி: தை நடுவில் நாற்றங்கால் விட்டு, மாசியில் 5 சென்ட்டில் நடுங்கள். நட்ட 60 நாளில் பறிப்பு தொடங்கும். வைகாசியில் நல்ல காய்ப்பில் இருக்கும்.

கொத்தவரை, வெண்டை: பங்குனியில் விதைத்தால் சரியாக வரும்.

செண்டுமல்லி: மாசி நடுவில் நாற்று விட்டு, 30 நாளில் நடுங்கள். அடுத்த 60 நாளில் பூக்கும். மாலைக்கும் பந்தலுக்கும் 3 சென்ட் போதும்.

கோடைத் தண்ணீர் பற்றாக்குறை என்றால் காய்கறிக்கும் பூவுக்கும் சேர்த்துப் 10 சென்ட்டோடு நிறுத்தி, சொட்டுநீர் போடுங்கள். சித்திரை பிறந்ததும் ரசாயனப் பூச்சிமருந்தை விட்டுவிட்டு, 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மாறுங்கள். சாப்பிடப்போவது உங்கள் விருந்தாளிகள்.

எவ்வளவு தேவை?

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு வரும். 500 பேருக்கு 63 கிலோ. முதல் நாள் இரவு 150 பேர், காலை டிபன், பாயசம் எல்லாம் சேர்த்து 120 கிலோ வைத்துக்கொள்ளலாம். 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் அரிசி கிடைக்கும் என்பதால், 60 கிலோ மூட்டையில் நான்கை ஒதுக்கினால் கைவசம் கொஞ்சம் மிஞ்சும். பொரியல், கூட்டுக்கு 100 பேருக்கு 6, 7 கிலோ காய்.

மூன்று வேளைக்கும் சேர்த்து இலை 950 வேண்டும். 50 வாழையில் மரத்துக்கு 2 இலை வீதம் அறுத்தால் 100 முழு இலை; ஒன்றை மூன்றாக நறுக்கினால் 300. அதற்கு மேல் அறுத்தால் தார் சிறுக்கும். மீதியை வாழை வைத்திருக்கும் பங்காளிகளிடம் சொல்லிவையுங்கள்.

மொய்யோடு ஓர் உழைப்பு நோட்டு

மொய் நோட்டு போடுவதுபோல ஒரு நோட்டுப் போட்டு, யார் எந்த வேலை என்று பெயரோடு எழுதுங்கள். கீற்று முடைய நாலு பேர், பந்தல் போட ஆறு பேர், காய் நறுக்க அத்தை, சித்தி வகையறா, தண்ணீருக்கு இரண்டு இளவட்டம், பந்தி பரிமாற மாமன் மச்சான் பத்துப் பேர். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் கடைசியில் பெண்ணைப் பெற்றவள்தான் அடுப்படியில் நிற்பாள். தாலி கட்டும் நேரத்தில் அவள் மணையருகே இருக்க வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய முறையும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

சமையலுக்கு மட்டும் அனுபவமுள்ள ஒரு மாஸ்டரைக் கூலிக்கு வையுங்கள். 500 பேர் சாம்பாருக்கு உப்புப் போடுவது வீட்டுக் கைக்குப் பிடிபடாது. தாலி, துணிமணி, பருப்பு, எண்ணெய், பாத்திர வாடகை இவையும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

இவற்றில் அசட்டை வேண்டாம்

கீற்றுப் பந்தலும் அடுப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்று வீசும் திசை பார்த்து, 30 அடியாவது தள்ளி அடுப்பு வெட்டுங்கள். இரண்டு டிரம் தண்ணீர், நான்கு வாளி மணல் பக்கத்திலேயே இருக்கட்டும். கோடை மழைக்குத் தார்ப்பாயும் வேண்டும்.

பம்புசெட் இணைப்பிலிருந்து பந்தலுக்கு வயர் இழுக்காதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டும் தரப்பட்ட இலவச மின்சாரம். சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. மின்வாரிய அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக்கொடுங்கள்.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். வைகாசி வெயிலில் தேங்காய்ச் சட்னியும் கூட்டும் சீக்கிரம் ஊசிவிடும். பந்திக்குப் பந்தி தாளித்துக்கொள்வது நல்லது.

மிஞ்சிய சோற்றையும் பாயசத்தையும் மாட்டுக்கு அள்ளிக் கொட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் பெருகி, மாடு படுத்துவிடும், இறந்தும் போகும். விசேஷ வீட்டுக்கு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடும் காரணங்களில் இது முக்கியமானது. மிச்சச் சோறும் எச்சில் இலையும் எருக்குழிக்குப் போகட்டும். பிளாஸ்டிக் விரிப்பு, பிளாஸ்டிக் பூசிய கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. அவை இல்லாவிட்டால் குழியும் சுத்தமாக மக்கும்.

வீட்டுக் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பத்திரிகையையும் தாலி கட்டும் போட்டோவையும் பத்திரமாக வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நோயில்லாத தோட்டமாகப் பார்த்து, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள பூவன் ஈட்டிக்கன்று 50 எடுத்து வாருங்கள். உங்கள் முகூர்த்தம் ஆவணியிலோ தையிலோ வந்தால் பட்டம் மாறும். தேதியையும் தண்ணீர் வசதியையும் குறிப்பிட்டுக் கேள்வி அனுப்புங்கள். அதற்கேற்ற பயிர்க் கணக்கை அடுத்த இதழ்களில் தருகிறேன்.