ஹார்மோனைக் குலைக்கும் வேதிப்பொருட்களும் மருத்துவக் கல்வியும்

அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்பது நச்சியலின் பழைய விதி. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் வகுத்த அவ்விதியைக் கொண்டே நம் மருத்துவ மாணவர்கள் நஞ்சைப் பயில்கின்றனர். பூச்சிமருந்து அருந்தியவரை மீட்கும் முறையை அவர்கள் நன்கறிவர். சிறுகச் சிறுக உடலிற் சேரும் வேதிப்பொருள் ஹார்மோன்களின் பணியைக் குலைக்கும்போது நோயாளியிடம் எதை வினவுவது என்பது வேறொரு பாடம். அப்பாடத்தின் தேவையை இங்கு நோக்குவோம்.

ஹார்மோன்கள் நுண்ணிய அளவிலேயே இயங்குபவை. ஈஸ்ட்ரோஜனைப் பிக்கோகிராமில் அளக்கிறோம். அது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எனவே ஹார்மோனைப் போன்று உயிரணுவின் ஏற்பியில் அமரும் அயற்பொருளும் சிறிதளவிலேயே விளைவு தரக்கூடும். அளவைப் போலவே காலமும் முக்கியமானது. கருச்சிதைவைத் தடுக்கும் என நம்பிக் கர்ப்பிணிகளுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் தரப்பட்டது. 1971இல் பாஸ்டன் நகரில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் அரியதொரு யோனிப் புற்றுநோய் கண்ட 8 இளம்பெண்களை ஆராய்ந்தனர். அவர்களுள் எழுவரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அம்மருந்தை உண்டிருந்தனர். தாயின் வரலாற்றைக் கேட்டதனால் மகளின் நோய்க்குக் காரணம் புலப்பட்டது.

நம் நாட்டின் சான்று காசர்கோடு. அங்குள்ள முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. ஒரே வட்டாரத்தில் நோய்கள் மிகுந்திருப்பதைக் கவனித்து முதலில் எழுதியவர், அங்கு மருத்துவம் செய்துவந்த ஒய்.எஸ். மோகன குமார். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் அப்பகுதிச் சிறுவர் 117 பேரைப் பிற ஊர்ச் சிறுவர் 90 பேருடன் ஒப்பிட்டு, பருவமெய்துதல் தாமதப்படுவதை 2003இல் வெளியிட்டனர். உற்பத்தியாளர் தரப்பு அதை மறுத்தது. எனினும் 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அப்பொருளைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. அவ்வாண்டு மே மாதம் நம் உச்சநீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது.

தமிழகத்திலும் இத்தகைய ஆய்வுகள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சிமருந்துடன் நேரடியாகப் புழங்குவோரில் 18.3 விழுக்காட்டினருக்கும் அவ்வாறு புழங்காதோரில் 6.2 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு காணப்பட்டது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதையும் மாணவர் இத்தகைய எண்களைக் கொண்டே கற்கவேண்டும்.

இனி வாலாஜாபாத்தை நோக்குவோம். பாலாற்றங்கரையின் இவ்வூரைச் சூழ்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகள் வளர்ந்துள்ளன. அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் தாய்மைக்குரிய வயதினர். பொதுவாக, மின்கம்பி உறையை நெகிழ்விக்கத் தாலேட்டுகளும், மின்னணுப் பொருட்களில் தீத்தடுப்பிற்குப் புரோமின் சேர்மங்களும் பயன்படுகின்றன. இச்சேர்மங்களுட் சில தைராய்டு ஹார்மோனை ஒத்த அமைப்புடையவை. இவ்வட்டாரத்து ஆலைகளை நாம் குற்றஞ்சாட்டவில்லை. மாதவிடாய்க் கோளாறோ கருத்தரியாமையோ தைராய்டு நோயோ கொண்டு வரும் பெண்ணிடம், அவர் கையாளும் பொருள் எதுவென்று மருத்துவர் கேட்பதுண்டா என்பதே நம் வினா.

நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் இராமாசினி 1700இலேயே வலியுறுத்தினார். தொழிலோடு வீட்டின் குடிநீரையும், தெளிக்கும் மருந்தையும், கர்ப்பகால வரலாற்றையும் சேர்த்துக் கேட்க மாணவர்க்குப் பயிற்சி வேண்டும். மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று; பி.வி.சி.யாலான இரத்தப் பைகளிலும் செலுத்துகுழாய்களிலும் தாலேட்டு உண்டு. பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றுவோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வினாக்களுக்குச் சில நிமிடங்கள் போதும். விடைகளைக் குறித்துவைத்தால் ஓர் ஊரின் நோய்வரலாறு உருவாகும். காசர்கோட்டில் அத்தகைய குறிப்புகள் முன்னரே திரண்டிருப்பின், சிறுவர் பலர் அத்துன்பத்திற்கு ஆளாகாதிருந்திருப்பர்.