கதாபாத்திரத் தாள்: தனியுரிமையும் பகிர்வு அமைப்புகளும்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தாம் ஏற்று ஆடும் கற்பனை மனிதரைப் பற்றி எழுதி வைக்கும் பதிவேடு கதாபாத்திரத் தாள் எனப்படும். பேச்சில் இதைக் கேரக்டர் ஷீட் என்பார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள்.

தாள் காகிதமாக இருந்தவரை தனியுரிமை ஒரு கேள்வியாக எழவில்லை. எழுதியவரின் கையில் இருந்தது. அவர் காட்டினால் மட்டுமே பிறர் பார்க்க முடிந்தது. இணையத்துக்கு வந்த பின் அந்தக் கை இல்லை. அதன் இடத்தில் ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் மேலும் பகிரலாம் என்பதை அந்தப் பக்கமே முடிவு செய்கிறது. பெரும்பாலானோர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

தாளில் இருப்பவை

பார்வைக்கு ஒரே ஆவணம் என்றாலும் ஒரு தாளில் மூன்று வகைச் செய்திகள் கலந்திருக்கும். முதலாவது ஆட்டத்துக்கான எண்கள்: வலிமை, அறிவு, உயிர்ப்புள்ளிகள், கைவசம் உள்ள பொருள்கள். இவற்றைக் குழுவில் எல்லோரும் பார்த்தால் ஒன்றும் கெடாது. பார்ப்பது வசதியும்கூட.

இரண்டாவது பாத்திரத்தின் இரகசியம். போடிநாயக்கனூரில் ஒன்றாகப் படித்து, இப்போது மதுரையிலும் கோவையிலுமாகப் பிரிந்து கல்லூரி படிக்கும் ஐந்து பேர் வாரம் ஒருநாள் இணையத்தில் கூடி ஆடுவதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பாத்திரம் குரங்கணி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் பெண். உண்மையில் அவள் எதிரி அரசனின் ஒற்றர். இது நடத்துநருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்ற மூவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் பல மாதங்களாக வளர்த்த கதையின் திருப்பம் வீணாகும். விளையாட்டுதானே என்று இதை ஒதுக்க முடியாது. இவ்விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. கற்பனை மனிதரைப் பற்றிய தாளில் உண்மை மனிதர் தம்மை அறியாமலே எழுதிவைக்கும் செய்திகள். பாத்திரத்துக்குத் தன் படத்தையே ஒட்டுவது, ஊரையும் தெருவையும் பின்கதையில் சேர்ப்பது, ஆட்டக்காரர் பெயர் என்ற கட்டத்தில் முழுப்பெயரையும், குழுவைச் சேர்க்க வசதியாக வாட்ஸ்அப் எண்ணையும் போடுவது ஆகியவை இதில் அடங்கும். சில குழுக்களில் கதையில் எந்த விஷயம் வரக்கூடாது என்று ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே எழுதித் தருவதுண்டு: விபத்து, தீ, குடும்பத்தில் ஒரு மரணம் என்று. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியல் எழுதியவரின் மனக்காயங்களின் பட்டியலாகவும் இருக்கும். அதைத் தாளிலேயே எழுதாமல் நடத்துநரிடம் தனியாகச் சொல்வது மேல்.

ஏலக்காய் ஏலத்தில் ஓர் ஒப்புமை

ஒரே பொருளைப் பற்றிய செய்தியை வெவ்வேறு வட்டத்துக்கு வெவ்வேறு அளவில் திறப்பது புதிய சிந்தனை அல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

போடியில் இதற்கு இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. ஏலமலைச் சரிவுகளில் விளையும் காய், நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. ஒவ்வோர் ஏலத்துக்கும் பிறகு வாரியம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவை அதில் இருக்கும். எந்தத் தோட்டக்காரரின் காய் என்ன விலைக்குப் போனது என்பது இராது. காயின் மாதிரி ஏலத்துக்கு வந்த வியாபாரிகளுக்கு. விற்றவரின் பெயரும் கணக்கும் அவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் இடையில். ஊருக்குத் தேவையானது விலை நிலவரம் மட்டும் என்பதால் அது மட்டும் ஊருக்குப் போகிறது. கதாபாத்திரத் தாளிலும் எண்களைக் குழுவுக்கும், இரகசியத்தை நடத்துநருக்கும் திறந்து, சொந்த விவரத்தை எவருக்கும் தராமல் விடுவது இதே முறை.

சேவைகள் தரும் அமைப்புகள்

டி அண்ட் டி பியாண்ட் 2017இல் தொடங்கிய சேவை. 2022இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அதை வாங்கியது. அதில் ஒரு பாத்திரத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: தனிப்பட்டது, ஆட்டக்குழுவுக்கு மட்டும், பொது. குழுவுக்கு மட்டும் என்றால் அந்தப் பாத்திரம் சேர்ந்திருக்கும் ஆட்டத்தில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். பொது என்றால் இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம். இந்த நிலைகள் முழுத் தாளுக்கும் பொருந்துபவை. எண்களைக் காட்டிப் பின்கதையை மட்டும் மறைக்க இந்த மூன்றால் முடியாது. ஆகவே ஒற்றர் இரகசியத்தை அங்கே எழுதாமல் இருப்பதே வழி.

2012இல் வந்த ரோல்20 இதைச் சற்று நுட்பமாகக் கையாள்கிறது. ஒரு பாத்திரம் யாருடைய குறிப்பேட்டில் தெரிய வேண்டும் என்பது ஒரு கட்டம். யார் அதைத் திருத்தி இயக்கலாம் என்பது வேறொரு கட்டம். பார்ப்பதும் திருத்துவதும் இருவேறு உரிமைகள் என்பதை இந்தப் பிரிப்பு தெளிவாக்குகிறது. நடத்துநருக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பகுதியும் உண்டு. அவசரத்தில் இரண்டு கட்டங்களிலும் எல்லா ஆட்டக்காரர்களும் என்று தேர்ந்துவிட்டால் பிரித்ததன் பயன் போய்விடும்.

ஃபவுண்ட்ரி என்பது நடத்துநர் தம் கணினியிலோ வாடகைச் சர்வரிலோ நிறுவிக்கொள்ளும் மென்பொருள். இதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நான்கு படிகளில் ஒன்றைத் தரலாம்: எதுவுமில்லை, வரம்புள்ள பார்வை, முழுப் பார்வை, உரிமையாளர். வரம்புள்ள பார்வையில் பாத்திரத்தின் படம், மேலோட்டமான அறிமுகம் போன்றவை மட்டும் தெரியும். புதிதாக அறிமுகமான ஒருவரின் முகம் தெரியும், மனம் தெரியாது என்ற இயல்பான நிலைக்கு இது நெருக்கமானது.

கூகுள் ஷீட்ஸில் ஆடுபவர்கள்

மாணவர்களில் பலர் கட்டணச் சேவை எதற்கும் போகாமல் கூகுள் ஷீட்ஸ் அல்லது டாக்ஸில் தாளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். செலவில்லை, செல்போனிலும் திறக்கும். தவறுகளுக்கு அதிக இடம் தருவதும் இதுதான்.

அனுமதி பெற்றவர்கள் மட்டும், இணைப்பு உள்ள எவரும் என்று பொதுவான பகிர்வு இரண்டு வகை. இரண்டாவதைத் தேர்ந்தால் மின்னஞ்சல் முகவரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை மிச்சம். அந்த இணைப்பு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டு, அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும்போது தாளும் கூடவே போகிறது. இணைப்பு ஒரு சாவி. படி எடுத்தவர்களின் கணக்கு யாரிடமும் இருக்காது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து முகவரிகளைச் சேர்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடுத்து, அனுமதியின் அளவு: பார்க்க மட்டும், கருத்து எழுத, திருத்த. திருத்தும் உரிமை பெற்றவர் வேறு எதுவும் மாற்றப்படாத நிலையில் பிறரையும் சேர்க்க முடியும். பகிர்வுப் பெட்டியின் அமைப்புச் சின்னத்தை அழுத்தி இதை நிறுத்தலாம். பார்வையாளர்கள் பதிவிறக்கவும் படியெடுக்கவும் அச்சிடவும் கூடாது என்ற தெரிவும் அதே இடத்தில் இருக்கிறது. ஆனாலும் திரையைப் படம்பிடிப்பதை எந்த அமைப்பும் தடுக்காது.

அதிகம் ஏமாற்றுவது மறைத்தல் வசதி. இரகசியத்தைத் தனி ஷீட்டில் எழுதி அதை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. திருத்தும் உரிமை உள்ளவர் அதை ஒரே அழுத்தலில் வெளிக்கொணர்வார். பார்க்க மட்டும் உரிமை உள்ளவரும் கோப்பைப் படியெடுத்துத் தம் படியில் திறந்துகொள்வார். கட்டங்களைப் பூட்டும் வசதியும் தவறுதலாக எண்கள் மாறாமல் இருக்க உதவுமே தவிர, அது பாதுகாப்பு ஏற்பாடு அல்ல என்று கூகுளின் உதவிப் பக்கமே சொல்கிறது. இரகசியத்துக்கு நம்பகமான இடம் தனிக் கோப்பு. அதை நடத்துநரின் முகவரிக்கு மட்டும் பகிர வேண்டும்.

தாளை யாராவது விளையாட்டாகவோ கோபத்திலோ அழித்துவிட்டால் பதிப்பு வரலாற்றிலிருந்து பழைய நிலையை மீட்கலாம். அதே வரலாறு இன்னொரு பக்கமும் வெட்டும்: திருத்தும் உரிமை உள்ளவர்கள் பழைய பதிப்புகளையும் படிக்கலாம். தொலைபேசி எண்ணை அழித்த பிறகும் அது வரலாற்றில் இருக்கும். அப்படிப்பட்ட தாளை விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் புதுக் கோப்புக்கு எடுத்துச் செல்வது நல்லது.

படம் சேர்ப்பதிலும் கவனம் தேவை. செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்; ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டு மாடியில் நின்று மலை தெரிய எடுத்த அழகான படம், வீட்டுக்கு வழியும் காட்டும்.

சேவையிடமிருந்தே கசிந்தால்

ஆட்டக்காரர் எல்லாவற்றையும் சரியாக அமைத்தாலும் சேவையின் சர்வர் உடைக்கப்படலாம். 2018 இறுதியில் ரோல்20இல் நடந்த ஊடுருவல் 2019 பிப்ரவரியில் தெரியவந்தது. சுமார் 40 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளியேறின. 2024 ஜூனில் அதே சேவையின் நிர்வாகக் கணக்கு ஒன்று பிறர் கைக்குப் போனது. பெயர், மின்னஞ்சல், கடைசியாகப் பயன்படுத்திய இணைய முகவரி போன்றவை பார்க்கப்பட்டிருக்கக்கூடும் என்று நிறுவனம் அறிவித்தது. விளையாட்டுக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருப்பவர்களுக்கு இத்தகைய கசிவில் இழப்பு இரட்டிப்பு.

சட்டம் எதுவரை

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. இச்சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வரையறைக்குள் வருவார்கள்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் விவரத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கும் பொருந்தாது. தாளைப் பொது என்று அமைத்து அதில் எண்ணையும் ஊரையும் எழுதியவர், அந்த விவரங்களைத் தம் கையாலேயே சட்டத்தின் குடைக்கு வெளியே வைத்துவிடுகிறார். நிறுவனத்தின் கவனக்குறைவால் கசிவது வேறு, இது வேறு. சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது; அமைப்புப் பக்கத்தில் பொது என்ற சொல்லை அழுத்தும்போது திரையில் அது தெரிவதில்லை.

ஆட்டம் முடிந்த பின்

குழுக்கள் கலைவது இயல்பு. தேர்வு வரும், வேலை கிடைக்கும், யாராவது சண்டையிட்டு விலகுவார்கள். தாள் மட்டும் பழைய அமைப்பிலேயே நின்றுகொண்டிருக்கும். விலகியவரின் முகவரியை நீக்குவதும், இணைப்புப் பகிர்வை அனுமதி பெற்றவர்கள் மட்டும் என்று திருப்புவதும் அப்போது செய்ய வேண்டிய வேலைகள். அப்படித் திருப்பினால் பழைய இணைப்பு வெளியாட்களுக்குத் திறக்காது. ஆனால் அதற்குள் யாரேனும் எடுத்து வைத்த படிகள் அவர்களிடமே இருக்கும், அவற்றை எந்த அமைப்பாலும் திரும்பப் பெற முடியாது. நடத்துநர் நடத்தும் ஃபவுண்ட்ரி போன்ற சர்வரில் தாள் இருந்தால் அழிக்கும் அதிகாரம் அவரிடம் உள்ளது. எனவே விலகும் ஆட்டக்காரர் தம் தாளின் படியை எடுத்துக்கொண்டு, மூலத்தை நீக்கும்படி அவரிடம் கேட்டுவிட வேண்டும்.